ஆஃப் செய்து ஆன் செய்தால் ஏன் சரியாகிறது?

கேட்டிருப்பது இதுதான். வீட்டு ரவுட்டர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மந்தமாகி, கடைசியில் நின்றே போகிறது. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை, நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. பிறகு எப்படிச் சரியாகிறது? அந்த அரை நிமிடம் காத்திருக்கச் சொல்வதில் பொருள் உண்டா? லேப்டாப்பை ஷட் டவுன் செய்து திறந்தும் போகாத கோளாறு, ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் போவது ஏன்?

நெட்வொர்க்கும் சர்வரும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீஸ்டார்ட் எதையும் பழுது பார்ப்பதில்லை. கோளாறு நிரலில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. அது இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த விளைவுகள் மட்டும் அழிந்து, கருவி முதல் நாள் நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்து நிற்கிறது. இது மனதில் பதிந்தால் மூன்று கேள்விக்கும் பதில் பாதி கிடைத்த மாதிரி. ஆனாலும் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சின்ன விஷயத்தில் உயிர்கள் போன கதையும் இருக்கிறது.

எந்தக் கணினியிலும் இரண்டு வகை நினைவகம் உண்டு. ஒன்று மின்சாரம் போனாலும் அழியாதது. நிரலும் உங்கள் செட்டிங்குகளும் அதில்தான் இருக்கும். இன்னொன்று ரேம். வேலை நடக்கும்போது மட்டும் தேவைப்படும் கணக்குகள் அதில் ஓடும். முதலாவதைப் பாடப்புத்தகம் என்றும், ரேமைச் சிலேட்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஆன் ஆகும்போது புத்தகத்தைத் திறந்து, துடைத்த சிலேட்டில் முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குகிறது. நாள் போகப் போகச் சிலேட்டில் எழுத்து கூடும். தேவை முடிந்ததை உடனுக்குடன் அழித்து இடம் விட வேண்டியது நிரலின் பொறுப்பு. அதில் எங்காவது ஒரு இடத்தில் அழிக்க மறந்திருந்தால் போதும்.

உங்கள் ரவுட்டரையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளும் வெளியுலகத்துக்கு ஒரே முகவரியில்தான் தெரியும். போனில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, "இந்தப் போன், இந்த எண்ணுள்ள வாசல் வழியாக, வெளியே இந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறது" என்று ரவுட்டர் தன் சிலேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும். ஒரு பக்கம் திறந்தாலே இப்படிப் பல பத்து வரிகள் ஏறிவிடும். பேச்சு முடிந்ததும் இரு பக்கமும் முறையாக விடைபெற்றால் வரி அழியும். ஆனால் போன் அப்படி விடைபெறாமலே வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. வைஃபை எல்லையைத் தாண்டிய கணமே அது மொபைல் இணைப்புக்கு மாறிவிடும், ரவுட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாது. அந்த வரி அனாதையாக நிற்கும். இத்தனை நேரம் யாரும் பேசவில்லையென்றால் அழித்துவிடலாம் என்று ஒரு கெடு வைத்திருப்பார்கள். பெரும்பாலான ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் இயல்பாக வைத்திருக்கும் கெடு எவ்வளவு தெரியுமா? நிலைநாட்டப்பட்ட ஒரு டிசிபி இணைப்புக்கு (வலைப்பக்கங்கள் பலவும் பயன்படுத்தும் இணைப்பு முறை) 5 நாள். பல தயாரிப்பாளர்கள் இதைக் குறைத்து வைக்கிறார்கள். குறைக்காமல் விட்டவர்களின் கருவியில் அட்டவணை நிரம்பி, புதிய இணைப்புக்கு இடமில்லாமல் போகும். அப்போது ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோ ஓடும், புதிதாக ஒரு பக்கம் திறக்காது. இந்த விசித்திரத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

இது போதாதென்று நிரலில் கசிவும் இருக்கலாம். ரேமில் ஒரு துண்டு இடத்தைக் கேட்டு வாங்கிய நிரல், வேலை முடிந்ததும் திருப்பித் தர மறந்துவிடுவதைத்தான் மெமரி லீக் என்கிறோம். ஒரு இணைப்புக்கு 100 பைட் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுமே இல்லாத அளவு. ஒரு நாளைக்கு 1 லட்சம் இணைப்பு என்றால் 1 கோடி பைட், ஏறக்குறைய 10 எம்பி. 128 எம்பி ரேம் உள்ள சிறிய ரவுட்டரில் அடிப்படை வேலைகளுக்கே பாதிக்கு மேல் போய்விட்டால், மிச்சம் இருப்பது ஒரு வாரத்துக்கும் காணாது. தயாரித்த இடத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தவர் கண்ணில் இது பட வாய்ப்பே இல்லை.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. ஒரு கருவி ஆன் ஆகி முதல் சில நிமிடங்களில் இருக்கும் நிலையை அதை உருவாக்கியவர்கள் ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை நிரலைத் திருத்தும்போதும் அங்கிருந்துதான் தொடங்கிச் சோதித்திருப்பார்கள். ஆனால் 17-ஆம் நாள், நாலு போன், இரண்டு டிவி, நடுவில் மூன்று முறை இணைப்பு அறுந்து ஒட்டிய பிறகு அது இருக்கும் நிலையை உலகத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. அந்த நிலை உங்கள் வீட்டில் மட்டுமே உருவானது. ரீஸ்டார்ட் செய்யும்போது கருவியை, யாருக்கும் தெரியாத ஒரு இடத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த இடத்துக்குக் கூட்டி வருகிறீர்கள்.

இதை எண்ணிக்கையோடு சொன்னவர் ஜிம் கிரே. வங்கிகள் போன்ற இடங்களுக்கு நிற்காமல் ஓடும் கணினிகளைச் செய்த டேன்டம் நிறுவனத்தில் இருந்தவர். மென்பொருள் பிழைகளை அவர் 1985-இல் இரண்டாகப் பிரித்தார். எப்போது செய்தாலும் அதே இடத்தில் அதே மாதிரி வருவது ஒரு வகை. மறுபடி முயன்றால் காணாமல் போவது இன்னொரு வகை. ஒரு பகுதியில் அவர் ஆராய்ந்த 132 மென்பொருள் கோளாறுகளில் முதல் வகை ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் மறுமுயற்சியில் மறைந்து போனவை. காரணம் யோசித்தால் எளிது. எப்போதும் வரும் பிழை சோதனையிலேயே பிடிபட்டுவிடும். வெளியே தப்பி வருவது எல்லாம் நேரம், வரிசை, நெரிசல் எல்லாம் ஒன்றுகூடும்போது மட்டும் தலைகாட்டுபவைதான். ரீஸ்டார்ட் அந்தக் கூட்டணியைக் கலைத்துவிடுகிறது, அதனால் வேலை செய்கிறது.

சிலேட்டு நிரம்புவது ஒரு கதை. எண்ணிக்கை தீர்ந்து போவது இன்னொரு கதை, என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

பல கருவிகள் ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் வரும் 32 இலக்கத்தில் வைத்தால் அதிகபட்சம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரைதான் போக முடியும். அதற்கு மேல் போனால், பழைய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி வந்து சுழியத்தில் நிற்குமே, அது போலத் திரும்பிவிடும். கணக்குப் போட்டால் 49 நாள் 17 மணி நேரத்தில் அது நடக்கும். விண்டோஸ் 95-இலும் 98-இலும் இது இருந்தது. 49.7 நாள் இடைவிடாமல் ஓடினால் கணினி உறைந்துவிடும் என்பதை மைக்ரோசாஃப்டே பின்னாளில் வெளியிட்டது. தினமும் இரவு அணைத்து வைக்கும் வீட்டுக் கணினியில் இது வெளிப்பட வழியே இல்லை.

வெளிப்பட்டது வேறு இடத்தில். 2004 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பாம்டேல் என்ற ஊரில் உள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் குரல் தொடர்பு மொத்தமாகப் போனது. வானத்தில் இருந்த விமானிகளிடம் தரையில் இருந்தவர்களால் பேச முடியவில்லை. 3 மணி நேரத்துக்கு மேல் அந்த நிலை நீடித்தது. குறைந்தது 5 இடங்களில் விமானங்கள் அனுமதித்த இடைவெளியைவிட நெருங்கி வந்தன. காரணம் அதே 49.7 நாள் எண்ணிக்கை. மாற்றாக வைத்திருந்த அமைப்பும் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பிரச்சினை அவர்களுக்கு முன்பே தெரியும் என்பது. 30 நாளுக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். அந்த முறை செய்யாமல் விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். விட்டுவிட்ட மனிதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் ஒருநாள் மறந்தால் வானத்தில் பேச்சு நின்றுவிடும் என்கிற ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்வேன்.

நூறில் ஒரு விநாடியாக எண்ணி, கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் ஒதுக்கினால் இதே கணக்கு 248 நாள் என்று வரும். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் அப்படி ஒரு எண்ணி இருந்தது. 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் நான்கு கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்திவிடலாம் என்று சோதனைக்கூடத்தில் கண்டறிந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் ஒரு கட்டாய உத்தரவு போட்டது. உத்தரவின் சாரம் என்ன? நிரலைத் திருத்தும் வரை குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்பதுதான்.

உயிர்கள் போன கதை என்றேனே, அது 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் வைத்திருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. ராணுவத்தினர் தங்கியிருந்த கட்டடத்தில் அது விழுந்து 28 பேர் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். பத்தில் ஒன்றை நாம் 0.1 என்று ஒரே இலக்கத்தில் எழுதிவிடுகிறோம். ஆனால் 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமான எண்ணில் அது முடிவே இல்லாமல் நீளும், நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று நீள்வது போல. 24 பிட்டில் அதை வெட்டியதால் ஒவ்வொரு துடிப்பிலும் விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை வந்தது. அன்று அந்த அமைப்பு 100 மணி நேரமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 36 லட்சம் துடிப்பு. சேர்ந்த பிழை 0.34 விநாடி. ஸ்கட் ஒரு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த இடைவெளியில் அது அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ரேடார் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஏவுகணை இல்லை.

ரீஸ்டார்ட் செய்தால் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்கும், பிழையும் சுழியமாகும். இஸ்ரேலில் இதே அமைப்பை இயக்கியவர்கள், 8 மணி நேரம் ஓடினாலே குறி நகர்வதைக் கண்டு பிப்ரவரி 11-ஆம் தேதியே தகவல் கொடுத்திருந்தார்கள். 21-ஆம் தேதி, மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிழை வரலாம் என்று படைகளுக்குச் செய்தி போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி, மறுநாள். இந்தத் தேதிகளை நான் பலமுறை படித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த எண் இல்லாத செய்தியில்தான் மனம் போய் நிற்கும். "8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று ஒரே வரி எழுதியிருந்தால் போதும். அதனால்தான் யாராவது என்னிடம் "அடிக்கடி ரீஸ்டார்ட் செய்யலாமா" என்று கேட்டால், அடிக்கடி என்று சொல்லாமல் எத்தனை நாளுக்கு என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

சரி, அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். அது மூடநம்பிக்கை இல்லை. ரவுட்டரின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அதன் விளக்கையே பாருங்கள். சட்டென்று அணையாமல் ஒரு விநாடி, சில அடாப்டர்களில் இரண்டு மூன்று விநாடி மங்கி மங்கித்தான் போகும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மிச்சம் இருக்கும் மின்னூட்டம் வடிவதைத்தான் அப்போது கண்ணால் பார்க்கிறீர்கள். விளக்கு அணைந்த பிறகும் சிப்புகளைச் சுற்றிக் கொஞ்சம் இருக்கும். அதற்குள் திரும்பச் செருகினால், சில பகுதிகள் முழுதாக அணையாமல், மின்னழுத்தம் பாதி இறங்கிய நிலையிலிருந்தே எழுந்துவிடும். அப்படி எழும் சிப் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் தப்பிக்க நினைத்த அதே நிச்சயமற்ற இடம்.

ரேமும் நாம் நினைப்பது போல மின்சாரம் போன கணத்திலேயே துடைத்துப் போவதில்லை. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கிறது. அது கசிந்துவிடும் என்பதால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் நிரப்பாமல் விட்டாலும் எல்லாப் பிட்டும் உடனே வடிவதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2008-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சாதாரண வெப்பநிலையிலேயே சில விநாடிகள் வரை தகவல் தங்குகிறது. சிப்பை மைனஸ் 50 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால் 10 நிமிடம் கழித்தும் நூற்றில் ஒரு பங்குகூட அழிவதில்லை. அணைத்த கணினியிலிருந்து கடவுச்சாவியைத் திருட முடியும் என்று காட்டுவதற்காக அவர்கள் செய்தது அது. நமக்கு அதில் இருக்கும் சேதி, 10 விநாடியாவது பொறுங்கள் என்பது.

இன்னொரு காரணம் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் மோடத்தோடு மறுமுனையில் பேசிக்கொண்டிருக்கும் கருவி, நீங்கள் போய்விட்டீர்கள் என்பதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். இரண்டு விநாடியில் திரும்பி வந்தால் பழைய இணைப்பே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும், உங்கள் மோடமோ புதிதாகத் தொடங்கக் கேட்கும். 30 விநாடி, சமயத்தில் ஒரு நிமிடம் என்று சொல்வதெல்லாம் இதற்குத்தான். அதற்கு மேல் காத்திருப்பதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

லேப்டாப் கேள்விக்குப் பதில் சின்னது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்த நிரல்கள் மட்டும்தான் மூடப்படும். இயங்குதளத்தின் கருவும், வைஃபை, ஒலி போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களும் அப்போதிருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் ஆன் செய்யும்போது அதை அப்படியே எடுத்து ரேமில் வைப்பதால்தான் அத்தனை சீக்கிரம் திறக்கிறது. சிலேட்டைத் துடைக்காமல் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மறுநாள் அதே சிலேட்டைத் தருகிற மாதிரி. அதில் ஒரு டிரைவர் குழம்பிப் போயிருந்தால் குழப்பமும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தச் சேமிப்பு நடப்பதில்லை, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அப்டைம் என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்கிறவர்களுக்கு அது 20 நாள், 30 நாள் என்று காட்டும்போதுதான் விஷயம் புரிகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

இதே தர்க்கத்தில், ரீஸ்டார்ட் எங்கே கைகொடுக்காது என்பதும் தெரிந்துவிடும். கோளாறு சிலேட்டில் இல்லாமல் புத்தகத்திலேயே ஏறிவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே தவறான பக்கத்தைத்தான் படிக்கும். நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பேச்சை நிறுத்திவிட்டது. மின்சாரம் போனாலும் அழியாத அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தன. ஆன் ஆகும்போது அந்தக் கோப்புகளின் பட்டியலை ரேமில் ஏற்றப் பார்க்கும், இடம் போதாது, தடுமாறித் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும், மறுபடி அதே பட்டியல். 60 தடவைக்கு மேல் இப்படிச் சுற்றியது. இரவில் தூங்க வேண்டிய ஊர்தி தூங்காமல் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் ஆன் ஆகு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, அதை அமைதிப்படுத்தி, பிறகுதான் கோப்புகளைச் சுத்தம் செய்தார்கள். லோகோ காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப அணைந்து எழும் போனுக்கும் சில சமயம் இதே கதைதான். அதை ஐம்பது முறை ஆஃப் செய்து ஆன் செய்தும் பயன் இல்லை, சேஃப் மோடில் திறந்து சேமிப்பில் இருப்பதைக் குறைக்க வேண்டும்.

வைரஸ்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில், பெரும்பாலும் ரவுட்டர்களில், புகுந்திருந்தது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொதுமக்களை நோக்கி, எல்லாரும் ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அந்த நச்சுநிரலின் ஆபத்தான பகுதிகள் ரேமில் மட்டும் இருந்ததால் அவை அழிந்துவிடும். ஆனால் அடியில் ஒரு சிறு பகுதி ஃபிளாஷிலேயே பதுங்கியிருந்தது. அதை அகற்ற ஃபேக்டரி ரீசெட்தான் வழி. ரீஸ்டார்ட் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்தது, அவ்வளவுதான்.

போனை வாரம் ஒருமுறையாவது அணைத்து ஆன் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ சொல்வதும் இதே காரணத்துக்காக. உளவு நிரல்களில் பல, தடயம் விடாமல் இருப்பதற்காக ரேமில் மட்டுமே வாழ்கின்றன. அப்புறம், ரீஸ்டார்ட் ஆன போனுக்கும் சும்மா பூட்டி வைத்த போனுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆன் ஆன பிறகு நீங்கள் முதல்முறை கடவுக்குறியைப் போடும் வரை உங்கள் தகவல்களுக்கான சாவி ரேமில் இருக்காது. ஒருமுறை திறந்துவிட்டால் பூட்டிய பிறகும் பல சாவிகள் அங்கேயே இருக்கும். அதனால்தான் 2024-இல் ஐஓஎஸ் 18.1 வந்தபோது, மூன்று நாள் யாரும் திறக்காத ஐபோன் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி ஆப்பிள் செய்தது. 2025-இல் ஆண்ட்ராய்டுக்கும் அது வந்தது. தொலைந்து போன போன் யார் கையிலோ இருக்கும்போது, அந்த மூன்றாம் நாள் நிகழும் ரீஸ்டார்ட் உங்கள் பக்கம் நிற்கிறது.

இவ்வளவு நல்லது செய்யும் ரீஸ்டார்ட்டிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அது தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஒரு அலுவலகத்தில் நான் பொறுப்பேற்றபோது, அங்கிருந்த ஒரு சர்வர் ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை உறைந்துகொண்டிருந்தது. உறைந்தால் யாராவது ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவார்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒன்றரை வருடமாக அப்படி. அடுத்த முறை திணறத் தொடங்கியதும் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். திரை முன்னால் உட்கார்ந்து, எந்த நிரல் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். எல்லா நிரலும் பத்து, ஐம்பது, இருநூறு. ஒன்று மட்டும் 65 ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரவில் பேக்கப் எடுக்கும் நிரல். ஒவ்வொரு இரவும் ஆயிரத்துச் சொச்சம் கோப்புகளைத் திறந்து, நகல் எடுத்து, மூடாமல் விட்டுக்கொண்டிருந்தது. நிரலில் சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ஒன்றரை வருடமாக அந்தப் பட்டியல் அங்கேயே இருந்தது, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி அதை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் உங்கள் ரவுட்டர் அடுத்த முறை மந்தமாகும்போது, பிளக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஒரு போனில் மட்டும் வேகம் இல்லையா, எல்லாவற்றிலுமா? லேப்டாப்பை வயரில் இணைத்தால் சரியாக வருகிறதா? வந்தால் கோளாறு வைஃபை பக்கம். ரீஸ்டார்ட் செய்யும்போது ரவுட்டர் நெரிசல் குறைந்த சேனலை, அதாவது வைஃபை அலைவரிசையை, தேடிப் பிடித்துக்கொள்வதால் சரியாகியிருக்கலாம், சேனலை நீங்களே மாற்றிப் பாருங்கள். வயரிலும் மந்தம் என்றால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கப் பாருங்கள். அந்தப் பக்கமே திறக்கத் திணறினால் ரவுட்டர் உள்ளுக்குள் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். திறந்தால் அதில் மெமரி எவ்வளவு மிச்சம், எத்தனை இணைப்பு, எத்தனை நாளாக ஓடுகிறது என்று இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் சட்டென்று திறந்து எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்கு வெளியே. சேவை தருபவரிடம் பேசும்போது இந்த விவரங்களைச் சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

தேதியையும் எழுதி வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒரு தாளை ஒட்டி, நின்ற நாளை மட்டும் குறித்தால் போதும். ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால் மெமரி கசிவோ அட்டவணை நிரம்புவதோதான். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் நிரல்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வாரம் ஒருமுறை அதிகாலையில் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி வைக்கும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். கையால் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பாம்டேலில் நடந்தது அதுதான்.

இடைவெளி வரவரச் சுருங்கினால், மூன்று வாரம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, பிறகு நாலு நாள் என்று வந்தால், நிரலைத் தேடிப் போக வேண்டாம். மென்பொருள் அப்படித் தானாக முதுமை அடையாது. அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் உலர்ந்து, சுமை ஏறும் நேரத்தில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போயிருக்கும். லேபிளில் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியர், அதே முனை உள்ள வேறொரு அடாப்டரை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ரவுட்டரைத் தூக்கிப் போட முடிவு செய்தவர்கள் பலருக்கு அந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்திருக்கிறது.